எட்டு வீட்டு அரிசி

பாக்கியலெட்சுமி முதலில் கேட்டது விடுதலையைப் பற்றியல்ல. துணிகளைப் பற்றி.

"அந்தத் துணியெல்லாம் திருப்பித் தருவாங்களாங்க?"

"எந்தத் துணி?" என்றான் ஹாஷிம்.

"அரிசி கட்டியிருந்த துணிங்க. எட்டுத் துணி. அதுல ஒண்ணு கருப்பம்மா அக்காவோட கூறச்சீலையில கிழிச்சது. அது இல்லாம நான் லயத்துக்குள்ள கால் வைக்க முடியாதுங்க."

ஹாஷிம் எழுதுவதை நிறுத்தினான். சிறைச்சாலையின் பார்வையாளர் அறை அது. ஒரு மேசை, இரண்டு வாங்குகள், கம்பி போட்ட யன்னல், வெளியே மழை. கையிலிருந்த பொலிஸ் அறிக்கையை மறுபடி புரட்டினான். ஒரு சாக்கு அரிசி என்று எழுதியிருந்தது. துணி என்ற சொல்லே அதில் இல்லை.

"ஒரே மூட்டையென்டுதானே போட்டிருக்கு?"

"சாக்கு ஒண்ணுதாங்க. உள்ளாற தனித்தனியாக் கட்டி வச்சிருந்தேன். ஒரு ஆளு ரெண்டு கொத்து கொண்டு வரலாம்னு சட்டமாம்ல? எங்க லயத்துல எட்டு வீடு. வீட்டுக்கு ரெண்டு கொத்து. ஒரு மணி கலக்கலீங்க. பஸ்ஸ விட்டு எறக்கி, பொலிஸ்கார ஐயாதான் எல்லாத்தையும் அவுத்து ஒண்ணாக் கொட்டிட்டாரு. வேணாங்க, கலந்துரும், அப்புறம் யாரு வீட்டு அரிசி எதுன்னு தெரியாதுன்னு கத்துனேன். சிரிக்கிறாரு."

"இதக் கோட்டுல சொன்னீங்களா?"

"கேட்டாத்தானேங்க சொல்ல முடியும்? இந்த மூட்டைய நீதான் கொண்டாந்தியான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அவ்வளவுதான்."

அந்த 'ஆமாங்க'வைத்தான் நீதிமன்றம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்திருந்தது.

எழுபத்து நான்காம் ஆண்டு. இலங்கையில் அரிசியைச் சுமந்து நடப்பது குற்றமாக இருந்த காலம். கூப்பன் அரிசி பாதியாகி, பாதியும் பாதியாகி, தேயிலைத் தோட்டங்களில் கோதுமை மாவும் வாரக் கணக்கில் வராமல் போனது. பக்கத்து மாவட்டத்து வயல்களில் நெல் விளைந்திருந்தது. ஆனால் ஆளுக்கு இரண்டு கொத்து அளவுக்கு மேல் எல்லை தாண்டக்கூடாது. பாதைக்குக் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு, பக்கத்தில் கொட்டில் அடித்து, பொலிஸ் உட்கார்ந்திருந்தது. சிங்களத்தில் அதற்கு ஹால் பொல்ல, அதாவது அரிசித் தடி, என்று பெயர். தமிழரும் முஸ்லிம்களும் அதையே சுருக்கிப் பொல்ல என்றார்கள்.

ஹாஷிம் நன்னடத்தை அதிகாரி. கொழும்பில் குற்றவியல் படித்தவன். தீர்ப்புக்கு முன்னால் குற்றவாளியைப் பற்றி நீதவானுக்கு அறிக்கை கொடுப்பது அவன் வேலை. குணம், குடும்பம், சூழல், பரிந்துரை. அவன் மனைவி ஸைனப் காய்ச்சலில் போய் நாலு மாதம். அதன் பிறகு அவன் ஒரு நாளும் வேலைக்குத் தவறவில்லை. சவரம் செய்தான், சட்டையை மினுக்கினான், அறிக்கை எழுதினான். நல்ல நெஞ்சுரம் என்றார்கள். உண்மையில் எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. ஆட்கள் பேசும்போது வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பாக்கியலெட்சுமிக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. புருசன் வவுனியாப் பக்கம் கூலிவேலை தேடிப் போனவன், போனவன்தான். இவளுக்குச் சிறைத்தண்டனை விழுந்தால் தோட்டத்தில் பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, போகும். காம்பரா போனால் குழந்தை எங்கே போகும் என்று கேட்க அறிக்கையில் இடம் இல்லை.

"புள்ள இப்ப யாருகிட்ட?"

"எல்லாருகிட்டயும்தாங்க" என்றாள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

மறுநாள் அவன் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, அதையும் தாண்டி நடந்து, அவள் தோட்டத்துக்குப் போனான். மலை பூராவும் கொழுந்து. அதைக் கிள்ளுகிறவர்களின் பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வயிறு உப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கருப்பம்மா ஒல்லியாக, நெற்றியில் பொட்டில்லாமல், குரல் மட்டும் கனமாக இருந்தாள். அவள் புருசன் கந்தப்பன் தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு காலையில் கத்தியைக் கையில் பிடித்தபடி தேயிலைச் செடிமேல் சாய்ந்தவர் எழும்பவில்லை. இதயம் நின்றது என்று தோட்டத்து டாக்டர் எழுதினார்.

"எதயம் நின்னுச்சாம்" என்றாள் கருப்பம்மா. "வயிறு நின்னு மாசக்கணக்காச்சு. அத எந்த டாக்டரும் எழுதல."

அவருடைய கருமாதிக்குத்தான் அரிசி. பச்சரிசிச் சோறு ஆக்கிப் படைக்க வேண்டும், லயத்துக்கு ஒரு பிடி போட வேண்டும்.

"மாவ உருட்டி வச்சுப் படைங்கன்னாரு கங்காணி. உசிரோட இருந்தப்பதான் அந்த மனுசன் ரொட்டியத் தின்னே செத்தாரு. செத்த பெறகும் ரொட்டியா? கேக்குறதுக்கே கூசாதா ஐயா?"

"சரி, ஏன் ஒரு ஆளை மட்டும் அனுப்பினீங்க? எட்டுப் பேர் போயிருந்தா எட்டுப் பேரும் சட்டப்படி கொண்டு வந்திருக்கலாமே."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவனின் கேள்வி அது.

"எட்டுப் பேரும் போயிட்டா காலையில பேர் கூப்புடுற பெரட்டுல தொரைக்கு முன்னால யாருங்க நிப்பா? வேலையே கெழமையில மூணு நாளுதான். பெரட்டுக்கு வராட்டி அதுலயும் பேரு இல்ல, மாவும் இல்ல."

தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். ஒருத்தி மருந்துக்குப் போனால் நாலு வீட்டுப் போத்தலையும் தூக்கிக்கொண்டு போவாள். ஒருத்தி கடைக்குப் போனால் லயமே போன மாதிரி. போகிறவளின் அன்றைய மாவை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். பாக்கியலெட்சுமி சின்னப் பெண், தலைச்சுமை தாங்குவாள், சிங்களமும் பேசுவாள். அதனால் அவள் போனாள். சட்டம் ஆளைத்தான் எண்ணுகிறது என்று கேள்விப்பட்டதால், ஆளுக்கு ஒரு துணியாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மாவு வந்த துணிப்பை, ஒரு வீட்டில் பிள்ளைத் துணி, கருப்பம்மா வீட்டில் கூறைச்சீலை. துணியைப் பார்த்தாலே இது யார் வீட்டு அரிசி என்று பொலிசுக்கும் புரியும் என்று நம்பினார்கள். சட்டத்தை மதித்ததில் வந்த பிழை அது.

"எங்க பேரையெல்லாம் எழுதிக்கங்க ஐயா" என்றாள் கருப்பம்மா. "பாக்கியம் களவாணி இல்ல, பங்கு பங்காத்தான் கொண்டாந்துச்சுன்னு கோட்டுக்குத் தெரியட்டும்."

ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து பெயர் சொன்னார்கள். வெட்கத்தோடு இல்லை, சாட்சி சொல்கிற பெருமையோடு.

"நல்லா எழுதுங்க, கூப்பன் புத்தகத்துல மாதிரி என்னைய ஆம்பளையாக்கிறாதீங்க" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியலெட்சுமியின் குழந்தை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறிக்கொண்டே இருந்தது. கடைசிவரை அது தரையில் இறங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஹாஷிமுக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தது ஒன்று ஞாபகம் வந்தது. குற்றம் ஒரு ஆளுக்குள் குடியிருப்பதில்லை. ஆட்களுக்கு நடுவே இருக்கிறது. வலை மாதிரி. ஒரு இழையைத் தொட்டால் எங்கேயோ இன்னொன்று அசையும். பரீட்சையில் நன்றாக எழுதினான். அதோடு சரி. இப்போது பார்த்தால் இந்த மூட்டையில் ஒரு பிடி அரிசியும் சட்ட விரோதமில்லை. எட்டுப் பங்கும் நியாயமான பங்கு. எட்டையும் ஒரு தலையில் ஏற்றியதும் அது கடத்தல். அப்படியானால் குற்றம் எந்தப் பிடியில் இருக்கிறது?

அதைப் பார்க்கத்தான், அவள் பிடிபட்ட பிபிலைப் பாதைப் பொல்ல வரைக்கும் போனான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டான். ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்களை இறக்கினார்கள். பைகளைக் கொட்டினார்கள். ஒரு கிழவரின் குடையை விரித்து உதறினார்கள். கைப்பிள்ளைக்காரியிடம் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, சுற்றியிருந்த துணியைத் தடவினார்கள். பஸ் இப்படிக் குடைந்தெடுக்கப்படும்போது பின்னால் ஒரு லொறி வந்தது. தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லொறி. இரண்டு முறை ஹோர்ன் அடித்தது. வேகம் குறைவதற்கு முன்பே மரம் மேலே போனது. லொறி பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹாஷிமுக்கு அந்த லொறியைத் தெரியும். நெற்றிப் பலகையில் பச்சைப் பிறை. ஸைனபின் நானா, அவளுடைய அண்ணன், மர்ஸூக்கின் லொறி.

மர்ஸூக்கின் கடை பதுளைக் கடைத்தெருவில் இருந்தது. மச்சானைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழும்பி வந்தார்.

"வாங்க மச்சான், மெலிஞ்சு போனீங்க. டேய், டீ ஒண்டு."

"பிபிலைப் பாதையில உங்கட லொறியக் கண்ட."

"லொறியென்டா பாதையிலதானே ஓடும். மரத்துலயா ஏறும்?"

"பொல்ல தன்னால மேல போகுது."

"அதுக்கு லொறியென்டா பயம்" என்று மர்ஸூக் வயிறு குலுங்கச் சிரித்தார். ஹாஷிம் சிரிக்கவில்லை. மர்ஸூக் குரலைத் தாழ்த்தினார். "என்ன மச்சான், புதுசாக் கண்ட மாதிரி? எல்லார்ட லொறியும் போகுது. என்டது மட்டுமா?"

"தோட்டத்துப் புள்ளை ஒண்டு மாட்டி ஜெயில்ல ஈக்கி. எட்டு வீட்டுக்கு ஒரு மூட்டை. அவட பஸ்ஸ மட்டும் எப்பிடித் தேடினாங்க?"

மர்ஸூக் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு, மறைக்க இதில் என்ன என்பதுபோல் பேசினார். "சார்ஜன்டுக்கு மாசா மாசம் கேஸ் காட்டணும். இல்லென்டா பொல்ல என்னத்துக்கென்டு மேல கேப்பாங்க. பின்னால லொறி வாற நேரம், முன்னுக்குப் போற பஸ்ஸில மூட்டை ஈக்கிதென்டு நம்மட டிரைவர் ஒரு சொல்லுச் சொல்லி விடுவான். அவங்க பஸ்ஸக் கிண்டுற நேரம் லொறி போகும். அவங்களுக்கும் கேஸ், நமக்கும் பாதை."

"கேஸ் கூடினா?"

"கடத்தல் கூடிட்டென்டு சொல்லி இன்னொரு பொல்ல போடுவாங்க. பொல்ல கூடினா அரிசி விலை ஏறும். விலை ஏறினா தோட்டத்து ஆக்கள் கடையில வாங்க ஏலாம வயல் பக்கம் எறங்குவாங்க. எறங்கினா கேஸ்." மேசையில் சிந்தியிருந்த மாவில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "சுத்துது மச்சான். நான் சுத்தல்ல. நான் நிண்டாலும் அது சுத்தும்."

"அவளுக்கு ரெண்டு வயசுப் புள்ள ஈக்கி."

இப்போது மர்ஸூக்குக்குக் கோபம் வந்தது. "எனக்கு மட்டும் புள்ளைகள் இல்லையா? பெரிய நியாயம் பேசுற. ஸைனபுட நாப்பதாம் நாள் கத்தத்துக்கு ஊரையே கூப்பிட்டம். சஹன் சஹனாச் சோறு போட்டம். அந்த அரிசி வானத்தால விழுந்ததா? அதே லொறி, அதே பொல்ல. நீங்களும் குந்திச் சாப்பிட்டீங்க. நான் கண்ட."

கடைப் பையன் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஹாஷிம் எழுந்து நின்றான். சாப்பிட்டது உண்மை. என்ன சாப்பிட்டான், யாரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்தான் என்று ஞாபகமில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மவுத்து, இரண்டு சாவு வீடு. இரண்டு வீட்டிலும் ஊருக்குச் சோறு போட வேண்டியிருந்தது. ஒரு வீட்டு அரிசி தார்ப்பாய்க்குக் கீழே கௌரவமாக வந்தது. மற்ற வீட்டு அரிசியை நடுப்பாதையில் கொட்டி, ஒரு பெண்ணை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

கடைத்தெருவில் எதிரே வந்தவர்களை இடித்துக்கொண்டு நடந்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் ஏதோ ஓடியது. துக்கம் என்று முதலில் நினைத்தான். துக்கம் இல்லை. ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தோடு அறிக்கை எழுதினான். கூப்பன் குறைந்தது, வேலைநாள் குறைந்தது, பொல்ல, கேஸ், விலை, மறுபடி பொல்ல. எட்டு வீடு, எட்டுத் துணி, யார் யார் பங்கு என்று பெயரோடு. லொறிகளைப் பற்றியும் எழுதினான். 'சில லொறிகள்' என்று எழுதினான். யாருடைய லொறி என்று எழுதவில்லை. அந்த இடத்தில் பேனா தானாகவே தாண்டிப் போனது.

அவனுடைய மேலதிகாரி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வேலாயுதர் என்று பெயர், ஓய்வுக்குக் கிட்டிய மனிதர்.

"தம்பி, இது அறிக்கையா, ஆராய்ச்சியா? முதல் குற்றம், சிறு குழந்தை, நல்ல குணம், கருணை காட்டவும். அரைப் பக்கம். பெரும்பாலும் நன்னடத்தைப் பிணையில் விட்டுவிடுவார்கள்."

"முதல் குற்றம் என்று எழுதினால் குற்றம் என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி இல்லையா?"

"ஒப்புக்கொண்டால் என்ன? அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்."

"வேறொருத்தி அவள் இடத்துக்கு வருவாள்."

"எல்லாரையும் நீர்தான் காப்பாற்ற வேண்டுமென்று எந்தச் சுற்றுநிருபத்திலே இருக்கு?" என்றார் வேலாயுதர். ஆனாலும் தடுக்கவில்லை.

வழக்கு நாளில் கருப்பம்மாவும் லயத்துப் பெண்களும் முதல் பஸ்ஸிலேயே வந்து நீதிமன்றத்தின் பின்வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையையும் கொண்டுவந்திருந்தார்கள். கூண்டில் நின்ற பாக்கியலெட்சுமி கண்ணாலேயே குழந்தையைக் கூப்பிட்டாள். குழந்தைக்கு உறக்கம்.

நீதவான் அறிக்கையை முழுவதும் படித்தார். அவசரமில்லாமல், பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஹாஷிமுக்கு நம்பிக்கை வந்தது.

"சுவாரசியமான அறிக்கை" என்றார் சிங்களத்தில். "ஆக, இது ஒருத்தியின் வேலை இல்லை. முன்கூட்டியே பேசி, பங்கு பிரித்து, தனித்தனியாகக் கட்டி, ஒருத்தியைச் சுமக்க அனுப்பியிருக்கிறார்கள். எட்டு வீடு. இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. கூட்டுச் சதி." பொலிஸ் பக்கம் திரும்பினார். "அதிகாரியே பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள்மேல் ஏன் வழக்கு இல்லை?"

சார்ஜன்ட் எழுந்து நின்று, "இன்றைக்கே பதிவு செய்கிறோம், ஐயா" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். கருப்பம்மா தலையைத் திருப்பி ஹாஷிமைப் பார்த்தாள். ஏசும் பார்வைகூட இல்லை. எந்த நம்பிக்கையில் இவனிடம் பெயரைச் சொன்னோம் என்று தேடுகிற பார்வை.

வலையைக் காட்டினால் மூட்டையைச் சுமந்தவள் தப்புவாள் என்று ஹாஷிம் நினைத்திருந்தான். வலையைக் காட்டியதும், இத்தனை மீன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். லொறி என்று எழுதிய வரியை நீதவான் தொடவே இல்லை. அதில் பெயர் இல்லை. பெயர் இருந்ததெல்லாம் ஏழைகளுடையது. பெயர் கொடுத்தவன் அவன்.

"பொய்ங்க!" என்றாள் பாக்கியலெட்சுமி கூண்டிலிருந்து.

மொழிபெயர்ப்பாளர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தவில்லை.

"அந்த ஐயா எழுதினது பொய்ங்க சாமி. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அரிசி பூரா என்னோடதுதான். விக்கத்தான் கொண்டாந்தேன். நான் ஒருத்திதான்."

"துணிகள்?" என்றார் நீதவான்.

"நான்தாங்க திருடிக் கட்டுனேன்."

நீதவான் ஹாஷிமைப் பார்த்தார். "அதிகாரி, எழும்பும். உமது அறிக்கை பொய்யா, இவள் சொல்வது பொய்யா?"

அறிக்கை உண்மை என்றால் இன்று மாலைக்குள் ஏழு வீட்டுக் கதவைப் பொலிஸ் தட்டும். பொய் என்றால் இவள் ஒருத்தியாக உள்ளே போவாள். குழந்தை விழித்து அழத் தொடங்கியது. யாரோ அதன் முதுகைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அறிக்கை குறையானது" என்றான் ஹாஷிம். "பெயர்களை விட்டுவிட்டேன், கனம் ஐயா."

"இன்னும் பெயர்களா?"

"இன்னும். அந்தப் பொல்லவில் நிற்காமல் போன லொறி என் மச்சான் மர்ஸூக்குடையது. பஸ்ஸைக் காட்டிக்கொடுத்தது அவருடைய டிரைவர். காட்டிக்கொடுக்கக் கேட்டது அந்தக் கொட்டிலில் இருந்தவர்கள். வேலை நாளைக் குறைத்தது தோட்டம். அரிசியைக் குறைத்தவர்களையும் எழுத வேண்டும். அந்த லொறி அரிசியில் என் மனைவியின் நாற்பதாம் நாள் விருந்து நடந்தது. ஊரே சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். எட்டு வீட்டின் மேல் வழக்கு என்றால் ஒன்பதாவதாக என் வீட்டை எழுதுங்கள். சதி என்றால் அதில் எனக்குப் பங்கு பெரிது. இவர்கள் ஆளுக்கு இரண்டு கொத்து. எனக்கு ஒரு சஹன்."

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. ஹாஷிமுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உமது மனைவி எப்போது காலமானார்?"

"நாலு மாதம்."

"எனது அனுதாபங்கள். உமக்கு ஓய்வு தேவை. இந்த நிலையில் உம்மை வேலைக்கு அனுப்பியது தவறு. உட்காரும்."

"நான் சொன்னது உண்மை, ஐயா."

"உட்காரும்" என்றார் நீதவான், நோயாளியிடம் சொல்வதுபோல்.

கழுத்துப் பட்டி கட்டியவன் எழுந்து நின்று நானும் குற்றவாளி என்றால் அவனுக்குச் சுகமில்லை. கிழிந்த சீலைக்காரி நான் ஒருத்திதான் குற்றவாளி என்றால் அது தெளிவான வாக்குமூலம். அவள் சொன்ன பொய்யை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்கள். விற்கும் நோக்கம், அவளே ஒப்புக்கொண்டது. ஆறு மாதச் சிறை. அரிசி அரசுக்கு.

பாக்கியலெட்சுமி கூண்டிலிருந்து இறங்கும்போது பின்வாங்கைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்கிற மாதிரி.

தாழ்வாரத்தில் வேலாயுதர் ஒரு தாளோடு காத்திருந்தார். எழுத்தர் அவசரமாக அடித்துக் கொடுத்தது. மனைவியின் மறைவுக்குப் பின் மனம் தெளிவில்லாத நிலையில் எழுதிய அறிக்கையை மீளப் பெறுகிறேன் என்று இரண்டு வரி.

"கையெழுத்துப் போடும் தம்பி. போட்டால் அறிக்கை கோப்பிலிருந்து போய்விடும். அந்தப் பெண்களின் பெயரும் போய்விடும். சார்ஜன்ட் கையில் ஒன்றும் இருக்காது."

"மர்ஸூக்கின் பெயர்?"

"அதை யார் எழுதிக்கொண்டது?"

ஹாஷிம் தாளைச் சுவரில் வைத்தான். நாலு மாதமாக அவன் மனம் தெளிவில்லாமல்தான் இருந்தது. அப்போதெல்லாம் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எழுதியதை எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்குத்தான் எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. இன்றைக்குத் தெளிவில்லை என்று எழுதிக் கேட்கிறார்கள். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு சுவர்வரை போனது. கையெழுத்து விழுந்தது.

"மூன்று மாத லீவு" என்றார் வேலாயுதர். "போய்ப் படுத்து எழும்பும்."

வெளியே மழை விட்டிருந்தது. பெண்கள் படிக்கட்டின் கீழே நின்றார்கள். சிறைவண்டி புறப்பட்டுப் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை இப்போது கருப்பம்மாவின் தோளில். ஹாஷிம் இறங்கி வருவதைக் கண்டதும் மற்றவர்கள் விலகி நின்றார்கள். அவள் விலகவில்லை.

"உங்க மேல இனிமே கேஸ் வராது" என்றான்.

"அது பாக்கியம் பாத்துக்கிருச்சு. நீங்க என்னமோ பெருசா எழுதுனீங்களே."

"பிழைதான்."

"பிழைன்னு நீங்க சொல்றீங்க. ஒங்களுக்குச் சித்தம் சரியில்லன்னு அவங்க சொல்றாங்க. நாங்க எதப் புடிச்சுக்கிறது?" மூச்சு வாங்கினாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "ஆறு மாசம். அவ காம்பராவ தொரை எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். புள்ள எங்க வீடுகள்ல இருக்கும். நாளுக்கு ஒரு வீடு. ஒரு வாய் ஒவ்வொருத்தியும் கொடுப்போம். ஏங்கய்யா, நீங்க படிச்சவரு. ஒரு புள்ளைக்கு ஏழு வீட்டுல பங்கு போட்டுச் சோறு குடுத்தா அதுவும் சதியா? இப்பவே கேட்டுச் சொல்லிருங்க. பெறகு அதுக்கொரு கேஸ் போட்டு இன்னொருத்தியக் கொண்டுபோயிறப் போறாங்க."

பக்கத்தில் ஒருத்தி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாஷிம் திரும்பி மேலே பார்த்தான். நீதிமன்றக் கதவை மதிய இடைவேளைக்குச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"கேட்கிறேன்" என்றான். "மேல்முறையீட்டுக்கு என்ன வழியென்றும் கேட்கிறேன்."

"யாருங்க கேக்க விடுவா? ஓய்வு எடுக்கச் சொல்லிட்டாங்களே?"

"லீவில இருக்கிறவனுக்குப் பயமில்லைதானே" என்று சொல்லிவிட்டு அவன் படிகளில் மறுபடி ஏறினான். கதவு சாத்தப்படுமுன் உள்ளே காலை வைத்தான்.